விண்வெளியும் எச்சம் நீக்கும் ஒழுக்கமும்



மதுரையைச் சூழ்ந்த மாங்குளத்திலும் கீழக்குயில்குடியிலும் ஆனைமலையிலும் உறைந்த அறவோர், கற்படுக்கையும் கல்வெட்டும் திருவுருவமும் அன்றி வேறு சுவடு விட்டுச் சென்றாரில்லை. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் இறுதியானது உற்சர்க்க சமிதி. கழிக்க வேண்டியதை, எவ்வுயிர்க்கும் ஊறு நேராத இடம் பார்த்துக் கழித்தலே அது. அவ்வொழுக்கம் இன்று விண்வெளிக்கும் வேண்டப்படுகிறது.

2001 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி. சி-3 ஏவூர்தி தன் செயற்கைக்கோள்களைச் செவ்வனே நிலைநிறுத்தியது. பணி முடிந்த அதன் இறுதி அடுக்கு மட்டும் சுற்றுப்பாதையிலேயே நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 19 அன்று அது வெடித்து, முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறியது. தொட்டியில் எஞ்சிய எரிபொருளே காரணமெனக் கருதப்பட்டது. நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் சுழலும் சிறு துண்டும் ஒரு செயற்கைக்கோளை முடக்கவல்லது. அதன் பின்னர், எஞ்சிய எரிபொருளை வெளியேற்றிவிடும் முறையை இஸ்ரோ மேற்கொண்டது.

இரண்டாவது நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானது. வைகைக்கரை உழவர் எதிர்நோக்கும் பருவமழை போன்ற வெப்பமண்டல மழையை ஆராய, இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2011இல் அனுப்பிய கோள் மேகா-டிராபிக்ஸ். ஏறத்தாழ 870 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கிய அதனை அப்படியே விட்டிருந்தால், நூறாண்டுக்கு மேலும் சுற்றிக்கொண்டிருக்கும். அதனை இறக்குதற்கென்று முதலில் எந்த ஏற்பாடும் செய்யப்படவில்லை. ஆயினும், மிஞ்சிய எரிபொருளைக் கொண்டே படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் பெருங்கடலின் மேல் அறிவியலாளர் எரிந்தழியச் செய்தனர்.

கவனியாது விடப்பட்ட எச்சம் கேடாயிற்று. கருத்தோடு பயன்படுத்திய எச்சம் காப்பாயிற்று.

2024 ஜனவரி 1 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-58இன் இறுதி அடுக்கும் 650 கிலோமீட்டரிலிருந்து 350 கிலோமீட்டருக்கு இறக்கப்பட்டு, சில ஆய்வுகளுக்கும் பயன்பட்டு, மார்ச் 21 அன்று வளிமண்டலத்தில் புகுந்து மறைந்தது. 2030க்குள், குப்பை விடாத பயணங்களே இந்தியாவின் இலக்கு என்று அவ்வாண்டு ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

மதுரைக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எழுகிறது. நாளை அங்குப் பணிபுரியும் இளைஞர் சிலர் இவ்வரங்கிலும் அமர்ந்திருக்கலாம். அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைக்கும் முனிவரின் கை அவர்தம் நினைவில் இருக்கட்டும். ஏற்றும்போதே இறக்கும் வழியையும் எண்ணுதலே அறம்.

வாழ்க வையகம்! வளர்க அறம்!