கைநாட்டும் வங்கிக் கணக்கும்

(புதுதில்லி, புசா ரோட்டில் மாணவர்களும் அலுவலர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் கூடியிருக்கும் இந்தப் புசா ரோட்டில் வங்கிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள் கூலியை இழந்து வங்கிக்கு நடப்பவரைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன்.

1969-ல் 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின் கிளைகள் கிராமங்களுக்குப் பரவின. எனினும், தாம் இன்னார் என்பதற்குச் சான்று காட்ட இயலாதவர் வெளியிலேயே நின்றார். கைரேகை நமக்குப் புதிதன்று. 1877-ல் வங்காளத்தின் ஹூக்ளியில் வில்லியம் ஹெர்ஷல் ஓய்வூதியம் பெறுவோரிடம் ரேகை பதிவு செய்வித்தார். இறந்தவர் பெயரால் பிறர் பணம் பெறாதிருக்கவே அந்த ஏற்பாடு. கருவூலத்தைக் காக்கப் பிறந்த முறை என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

2006-ல் ரிசர்வ் வங்கி முகவர்கள் வாயிலாக வங்கிச் சேவைக்கு இசைவளித்தது. 2010 செப்டம்பர் 29-ல் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தது. இம்மூன்றும் இணைந்ததன் பயனாக, முகவரின் சிறு கருவியில் எண்ணைக் கூறி விரலை வைத்தால் போதும். ரேகை மையப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடை வருகிறது. எழுத்தறியாதவரை இகழ ‘கைநாட்டு’ என்றோம். இன்று படித்தவரும் கைநாட்டு வைக்கிறார்!

இல்லை என்ற விடை வந்தால்? செங்கல் சுமந்தும் களை பறித்தும் விரல் தேய்ந்தவர் வெறுங்கையோடு திரும்புவதா? இதில் இரு மாநிலங்களின் அனுபவம் கருதத்தக்கது. ஆந்திரத்தில் வேலையுறுதித் திட்டக் கூலியையும் ஓய்வூதியத்தையும் ரேகை பதித்த அட்டை மூலம் வழங்கியதைக் கார்த்திக் முரளிதரனும் அவர்தம் கூட்டாளிகளும் ஆராய்ந்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டனர். கூலி விரைந்து கிடைத்தது, கசிவு குறைந்தது. ஆனால் அங்கே எல்லோரையும் அட்டைக்கு மாற்றியே தீருவது என்ற பிடிவாதம் இருக்கவில்லை. இரண்டாண்டுக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதி வழங்கல் பழைய முறையிலேயே நடந்தது. ஜார்க்கண்ட் நியாயவிலைக் கடைகளில் ரேகை கட்டாயமாக்கப்பட்டபோது, அதே அறிஞர்கள் கண்டது வேறு: சரிபார்ப்பினால் மட்டும் கசிவு குறையவில்லை, ஆதாரோடு இணைக்கப்படாத குடும்பங்கள் தானியத்தை இழந்தன. சிக்கனத்தை நாடும் நிதித்துறையினர் இவ்விரண்டாவது முடிவை எளிதில் மறந்துவிடுகின்றனர் என்பது என் கருத்து.

மோசடியும் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்துப் பணம் கவர்ந்த வழக்குகள் பதிவாகியுள்ளன. கடவுச்சொல்லை மாற்றலாம்; விரலை மாற்ற இயலாது. ரேகைப் பயன்பாட்டைப் பூட்டி வைக்கும் வசதியைச் சிற்றூர் மக்கள் எத்தனை பேர் அறிவர்?

2018-ல் உச்ச நீதிமன்றம் வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கும் விதியை நீக்கியது. அரசு நலவுதவிகளுக்கு ஆதார் கேட்கும் 7-ஆம் பிரிவை ஏற்றது. ஆதார் எண் வழங்கப்படாதவருக்கு மாற்று வழி அளிக்கவேண்டும் என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது. எண் இருந்தும் ரேகை படியாதவருக்கு அதே பரிவு வேண்டும். மாவட்டங்களுக்குச் செல்லவிருக்கும் இளம் அலுவலர்களிடம் நான் கேட்பது இதுதான்: முகவரிடம் சென்றால், எத்தனை பேருக்குப் பணம் தந்தீர் என்பதோடு, எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினீர், அவர்கள் மறுநாள் வந்தார்களா என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.