பணிதலும் மறுத்தலும்



கோலார் தங்கவயலில் 1930ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு புதிய விதி வந்தது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சுரங்கக் கம்பெனிகள் ஆணையிட்டன. தொழிலாளர் மறுத்து வேலையை நிறுத்தினர். 21 நாட்கள் வேலை நின்றது.

அவர்கள் எத்தகையோர்? வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குத்தகைதாரர் மூலம் வந்தவர்கள், பெரும்பாலோர் ஆதிதிராவிடர். பல ஆயிரம் அடி ஆழத்தில், வெப்பத்தில், துரைமார்களின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்கள். தங்கம் ஒளித்திருப்பார்களோ என்ற ஐயத்தில் உடலைச் சோதித்தபோதும் பொறுத்தவர்கள். கைரேகையோ, குற்றவாளிகளிடம் போலீசார் பெறுவது. அதற்கு மட்டும் அவர்கள் இணங்கவில்லை. அங்கீகாரம் பெற்ற சங்கம் எதுவும் அவர்களுக்கு அப்போது இல்லை.

‘கீழ்ப்படிதல்’ என்னும் சொல்லிலேயே மேலே ஒருவர் நிற்கிறார். அவர் சொன்னால் மனிதன் எதுவரை செல்வான் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்னும் அறிஞர் 1961ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தார். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை கூறுந்தோறும் மின்னதிர்ச்சியைப் படிப்படியாக உயர்த்துமாறு ஒருவருக்குக் கட்டளை. அதிர்ச்சி போலியானது, விசையை அழுத்துபவர் அதை அறியார். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்ற கடைசி விசை வரை சென்றனர். வியர்த்தனர், நடுங்கினர், ஆயினும் அழுத்தினர்.

இம்முடிவை அனைவரும் எடுத்துக்காட்டுவர். அவரே 1965இல் வெளியிட்ட மற்றொரு சோதனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை; எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. அதில், உடன் அமர்ந்திருந்த இருவர், ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி, இனிச் செய்யமாட்டோம் என்று நடுவில் விலகினர். அதன்பின் இறுதிவரை சென்றவர் 40 பேரில் நால்வரே! அதிகாரி அதே அதிகாரிதான். அருகில் இருந்தவர்களே மாறினர்.

தங்கவயலில் அருகில் இருந்தவர் யார்? சுரங்கத்தில் உடன் உழைத்தவர், ஒரே லைனில் அடுத்த வீட்டில் குடியிருந்தவர், பல சமயம் ஒரே ஊர்க்காரர். ஒருவன் தனியே மறுத்திருந்தால் அன்றே வேலை போயிருக்கும். தென்னாப்பிரிக்காவில் 1908 ஆகஸ்டில் காந்தியடிகளுடன் பதிவுச் சீட்டுகளைக் கொளுத்திய இந்தியர்களும் கூட்டமாகவே அதைச் செய்தனர்; அவர்களில் தமிழரும் இருந்தனர்.

கூட்டம் எப்போதும் துணிவு தரும் என்று இதனால் எண்ணிவிடலாகாது. லதானே, ராடின் என்னும் இருவர் 1969இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பக்கத்து அறையில் ஒரு பெண் விழுந்து அலறும் ஒலி. தனியே இருந்தவர்களில் நூற்றுக்கு 70 பேர் உதவ முன்வந்தனர். அசையாது அமர்ந்திருந்த அந்நியர் ஒருவர் அருகிருந்தபோது 7 பேரே முன்வந்தனர். நண்பர்கள் இருவராக இருந்த இணைகளிலோ மீண்டும் நூற்றுக்கு 70 இணைகளில் ஒருவரேனும் எழுந்தார். அழுத்தம் தாளாமல் பாறை வெடிப்பது தங்கவயலில் வழக்கமான விபத்து. அந்த இருளில் பக்கத்தில் நிற்பவன் பெயர் தெரிந்தவனாய் இருப்பது எத்தகைய காப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயல் மக்கள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். முன்பின் அறியாதவர்களிடையே பகலைக் கழிக்கின்றனர். வெளி மாநிலங்களில் வாழும் நேயர்கள் பலரின் நிலையும் இதுவே. அந்நியர் கூட்டத்தில் உதவிக்கு வழி உண்டா?

மோரியார்ட்டி என்பவர் 1975இல் இதற்கு விடை கண்டார். கடற்கரையில் ஒருவர் தம் பெட்டி வானொலியை மணலில் வைத்துவிட்டு எழுந்து போவார். ‘திருடன்’ ஒருவன் அதை எடுத்துக்கொண்டு நடப்பான். இருவரும் ஆய்வாளரின் ஆட்கள். 20 முறையில் 4 முறைதான் பக்கத்தில் இருந்தவர் தடுத்தார். பின்னர் அதே நாடகம், ஒரு சிறு மாற்றத்துடன். போகுமுன், ‘சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று அந்நியரிடம் சொல்லிவிட்டுப் போனார். இம்முறை 20இல் 19 பேர் திருடனைத் தடுத்தனர். நம் ரயில் பெட்டிகளில் மூட்டையை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்குபவர்கள், எந்த ஆய்வும் படிக்காமலே, எதிரில் இருப்பவரிடம் அதே சொற்களைத்தான் சொல்கிறார்கள்.