பள்ளி மதிப்பெண்ணும் சர்க்கார் உத்தியோகமும்

(திருச்செங்கோட்டில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் படிப்பில் குறைந்த மதிப்பெண் பெற்ற நம் பிள்ளைகள் சர்க்கார் உத்தியோகத்திற்கு விண்ணப்பம் செய்யலாமா என்னும் விஷயமாகப் பேசுமாறு எம்மைப் பணித்தார்கள். செய்யலாம் என்று ஒரே சொல்லில் கூறிவிட்டு அமர்ந்துவிட யாம் சித்தமாயிருக்கிறோம். ஆனால் அச்சொல்லை நம்புவோர் நம்முள் மிகச் சிலரேயாதலின், சற்று விரித்துரைக்க வேண்டியதாயிற்று.

சில மாதங்களுக்கு முன் இளைஞர் ஒருவர் நம் சங்க நிலையத்திற்கு வந்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர். நம் ஊர் வண்டிகள் போகாத ராஜ்யம் இல்லையாதலால் ஆண்டில் பாதி நாள் வடக்கே இருப்பவர். பத்தாம் வகுப்பில் பாடந்தோறும் முப்பத்தைந்தை ஒட்டிய மதிப்பெண் பெற்றுத் தேறியவர். "வி.ஏ.ஓ. வேலைக்கு என்னங்க படிச்சிருக்கணும்?" என்றார். பத்தாம் வகுப்புப் போதும் என்றோம். "மார்க்கு எவ்வளவு வேணுங்க?" என்றார். தேறியிருந்தால் போதும் என்றோம். யாம் கேலி செய்வதாகவே அவர் எண்ணினார். தலையைக் குனிந்துகொண்டு, "நமக்கெல்லாம் எதுக்குங்க அது" என்று சொல்லிப் போய்விட்டார். அன்று அவரை நிறுத்தி உட்காரவைத்துப் பேசாமற்போனது எம் பிழை. அப்பிழையே இன்றைய இப்பேச்சுக்குக் காரணம்.

இந்தக் கூச்சம் நம்மிடையே புதிதாகப் புகுந்தது. முன்னாளில் நமக்கு இருந்தது இதற்கு நேர்மாறான குணம். கிராமத்து மணியம் தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும். மணியக்காரர் மகன் எவ்வளவு படித்தான் என்று கேட்பாரில்லை. 1895ஆம் ஆண்டின் பரம்பரைக் கிராம உத்தியோகச் சட்டம் அவ்வுரிமையைக் காத்து நின்றது. படிப்பின்றியே அதிகாரம் வந்த வீட்டிலே படிப்பு எப்படி வளரும்? ஆந்திர தேசத்தில் ஒரு கிராம முன்சீப் பதவி பற்றி எழுந்த வழக்கில், 1960 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, முன்பிருந்தவரின் குடும்பத்தவர் என்பதற்காக ஒருவருக்குப் பதவி கொடுப்பது அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவுக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. நம் ராஜ்யத்தில் 1980 நவம்பர் 14ஆம் தேதி, எம்.ஜி.ஆர். மந்திரிசபையின் காலத்தில், அவசரச் சட்டம் ஒன்றினால் மணியமும் கணக்கும் அடியோடு ஒழிந்தன. எதிர்த்துச் சென்ற வழக்கும் 1982இல் தோற்றது. அவ்விடத்தில் வந்ததே கிராம நிர்வாக அலுவலர் பதவி. மணியம் போயிற்றே என்று புலம்பிய வீடுகள் நம் பக்கத்திலே பல உண்டு. எம் கருத்தைக் கேட்டால், போனது நன்றே. ஒரு வீட்டின் சொத்தாயிருந்தது, பத்தாம் வகுப்புத் தேறிய எந்த வீட்டுப் பிள்ளைக்கும், எக்குலத்துப் பிள்ளைக்கும், எட்டக்கூடியதாயிற்று.

இங்கே நம் ஊர்ப்பக்கத்தாரின் செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பரீட்சை வைத்து ஆள் எடுக்கும் ஸர்வீஸ் கமிஷன் இந்தியாவின் மாகாணங்களுள் முதன்முதல் ஏற்பட்டது சென்னையிலேயே. அதற்கான சட்டம் 1929இல் நிறைவேறியது. அப்போது முதல் மந்திரியாயிருந்தவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயன் அவர்கள். ஜமீன் வீட்டில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற அவருக்கு எந்தக் கமிஷனும் வேண்டியிருந்ததில்லை. வேண்டியிருந்தது, சிபார்சு செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்கே. குமாரமங்கலத்திற்கு இத்தனை அருகில் இருந்துகொண்டு, அந்த வாசலுக்குள் நுழைய நாம் கூச்சப்படுகிறோம்!

இனி, நடப்பைச் சொல்வோம். தமிழ்நாடு தேர்வாணையம் நடத்தும் நான்காம் தொகுதித் தேர்வினால் கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் முதலான பதவிகள் நிரப்பப்படுகின்றன. குறைந்த யோக்கியதை பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. தட்டச்சருக்குத் தட்டெழுத்துப் பரீட்சையும் வேண்டும். 2024ஆம் ஆண்டுத் தேர்வில் வினாக்கள் 200, மதிப்பெண் 300. அதிற் பாதி தமிழ். தமிழில் நூற்றுக்கு நாற்பது வீதம் பெறாதவரின் மற்றப் பகுதி திருத்தப்படுவதே இல்லை. நேர்முகத் தேர்வு கிடையாது. பள்ளியில் நீங்கள் வாங்கிய எண்ணைக் கூட்டுவாரும் இல்லை, கழிப்பாரும் இல்லை. பதினைந்து வயதில் எழுதிய ஒரு பரீட்சையின் கணக்கு, இருபத்தைந்து வயதில் எழுதும் பரீட்சையின் முன் செல்லாக் காசு. வினாக்களின் தரமும் பத்தாம் வகுப்புத் தரமே. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள சர்க்கார் பாடநூல்களே கைப்பொருள். அன்று விருப்பமின்றிப் படித்த புத்தகத்தை இன்று விரும்பிப் படித்தால் அது வேறு புத்தகமாகத் தோன்றும்; ஐயமிருந்தால் படித்துப் பாருங்கள்.

கிராமப் பள்ளியிற் படித்ததைக் குறையாக எண்ணுகிறவர்களுக்கு ஒன்று சொல்வோம். தமிழ்வழியிற் பயின்றோர்க்கு நூற்றுக்கு 20 இடம் ஒதுக்கும் சட்டம் 2010இல் வந்தது. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியிற் படித்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. ஆகவே காசு கொட்டி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு இல்லாத உரிமை, ஊராட்சிப் பள்ளியில் படித்த உங்களுக்கு உண்டு. பெண்களுக்குத் தனியே இட ஒதுக்கீடும் உண்டு. நம் கொங்கு வேளாளர் 1975 முதல் பிற்பட்ட வகுப்பினராதலால், 2024ஆம் ஆண்டு அறிவிப்பின்படி கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு நமக்கு வயது உச்சவரம்பு 42. விவாகமானதும் படிப்பை நிறுத்திய மருமக்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! மாமியார்மார் இதைக் கவனிக்க வேண்டும். தறிக்கு நூல் சுற்ற வேறு ஆள் கிடைக்கும்.

எளிது என்று யாம் சொல்லவில்லை. 2024இல் முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தோர் சுமார் 20 லட்சம். ஓரிடத்திற்கு முந்நூறு பேருக்கு மேல். அவர்களுள் பட்டதாரிகளும் ஏராளம். ஓராண்டோ ஈராண்டோ, நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது படிக்க மனமில்லாதவர் விண்ணப்பக் கட்டணத்தை வீணாக்க வேண்டாம். முதல் முறை தவறினால் மறுமுறை எழுத வேண்டும். அதற்கும் வீட்டார் பொறுமை வேண்டும்.

பத்தாம் வகுப்பே தவறியவர்கள் தனித்தேர்வராக எழுதித் தேறிக்கொள்ளலாம். அதில் இழிவு ஒன்றுமில்லை. அதைவிட்டுக் குறுக்கு வழி தேடாதிருங்கள். பத்தாம் வகுப்பும் மேல்நிலையும் தேறாமல், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் வாங்கினால் போதுமென்று கூறுவார் உண்டு. அப்பட்டம் சர்க்கார் உத்தியோகத்திற்குச் செல்லாது என 2009இலேயே அரசாணை பிறந்துவிட்டது. பணமும் காலமும் போனபின் அதை அறிந்தவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள்.

வேறொரு வழியும் காட்டுவார்கள். இத்தனை லட்சம் கொடு, வேலை உன்னுடையது என்பார்கள். 2019 செப்டம்பரில் நடந்த நான்காம் தொகுதித் தேர்வில், ராமேசுவரம், கீழக்கரை நிலையங்களில் நடந்த மோசடியை எல்லோரும் அறிவீர்கள். 99 பேர் வாழ்நாள் முழுவதும் தேர்வு எழுதக்கூடாதென 2020 ஜனவரியில் விலக்கப்பட்டனர். பெற்றோர்கள் மன்னிக்க வேண்டும்: காட்டை விற்றாவது மகனுக்கு வேலை வாங்குவோம் என்னும் பேச்சு நம் திண்ணைகளில் இன்னும் பெருமையாகவே பேசப்படுகிறது. மகன் தானே எழுதித் தேறமாட்டான் என்று தகப்பனே தீர்மானித்துவிட்டான் என்பதல்லவோ அதன் பொருள்? அந்தப் பையன் காதிலும் அது விழுகிறது.

சங்கம் செய்யவிருப்பது சிறிய காரியமே. வரும் மாதம் முதல் நாள்தோறும் மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நிலையத்தின் பின்கட்டு அறை திறந்திருக்கும். ஆறு முதல் பத்து வகுப்பு வரையுள்ள பாடநூல்களில் இரண்டிரண்டு தொகுதி வாங்கி வைத்திருக்கிறோம். நம் குலத்தார் அல்லாதாரும் வரலாம். அது பற்றிக் காரியக் கமிட்டியில் சிறிது வாதம் நடந்து, வரலாம் என்றே முடிந்தது. ரிக் வண்டிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் ஊர் திரும்பும்போது வந்து சேரட்டும். தேர்வாணையத்தில் பெயரைப் பதிவு செய்ய நம் காரியதரிசி உதவுவார். வரும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்து வாருங்கள். அதில் பிறந்த தேதியும் பெயரின் எழுத்தும் சரியாயிருக்கின்றனவா என்று மட்டுமே பார்ப்போம். மதிப்பெண் இருக்கும் பக்கத்தை மடித்தே கொடுக்கலாம்.