காற்பந்தும் நம் பிள்ளைகளும்



மாலையில் திடலுக்கு ஓடும் பிள்ளையைப் பார்த்து, "பந்து உதைப்பது சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். விடை தேடுமுன், ஒரு சிறிய அரபு நாட்டின் கதையைக் கேட்போம்.

குவைத் ஒரு பாலைவன நாடு. 1980ஆம் ஆண்டில் அங்கே சுமார் 14 இலட்சம் பேர்தான் இருந்தார்கள். நம் மலேசியாவிலோ அப்போது ஏறக்குறைய 1 கோடியே 30 இலட்சம் பேர். குவைத்தில் வெயில் கொடுமை. புல் முளைப்பதே அரிது. ஆனாலும் எண்ணெய் விற்ற பணத்தில் திடல்கள் அமைத்தார்கள், கிளப்புகளை வளர்த்தார்கள். 1976இல் பிரேசில் நாட்டின் சகாலோவைப் பயிற்சியாளராக அழைத்தார்கள். அவருக்குப் பின் அதே நாட்டவரான பரைரா அந்த வேலையைத் தொடர்ந்தார். ஆண்டுக்கொரு வழி என்று மாறாமல், ஒரே வழியில் உழைத்தார்கள். பலன் என்ன? 1980இல் தென் கொரியாவை 3-0 என்று வென்று ஆசியக் கிண்ணத்தைப் பெற்றார்கள். 1982இல் ஸ்பெயினில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிக்கே சென்றார்கள்.

அப்படியானால் நாம் திறமையில் குறைந்தவர்களா? இல்லை. அதே 1980இல், கோலாலம்பூரில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில், அதே தென் கொரியாவை நம் அணி 2-1 என்று வென்றது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து மாஸ்கோ ஒலிம்பிக்கை நம் நாடு புறக்கணித்ததால், அந்த அணி அங்கே போகவில்லை. அக்காலத்தில் நம் கோல் கம்பத்தைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் பந்தைப் பாய்ந்து பிடித்ததால் மக்கள் அவரை 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தார்கள். 1988இல் விபத்தில் மறைந்தாலும் அவர் பெயர் மறையவில்லை. கே. ராஜகோபால் ஆட்டக்காரராக இருந்து பயிற்சியாளராக உயர்ந்தார். 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணத்தை நாட்டுக்குப் பெற்றுத் தந்தது அவர் பயிற்றுவித்த அணிதான்.

நம் பினாங்கும் சளைத்ததல்ல. 1921இல் 'மலாயா' என்ற போர்க்கப்பலின் மாலுமிகள் அன்பளிப்பாகத் தந்த கிண்ணமே பின்னாளில் மலேசியக் கிண்ணம் ஆயிற்று. பினாங்கு அதை 1953, 1954, 1958, 1974 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2016இல் ஜார்ஜ்டவுன் நகர அரங்கில் ஃபைஸ் சுப்ரி உதைத்த ஒரு பந்து, காற்றிலே வளைந்து வலைக்குள் புகுந்தது. உலகின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை 2017 ஜனவரியில் அவர் பெற்றார். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று பெரிய விளையாட்டரங்கம் நிற்கிறது. தொழிலாளர் வியர்வை சிந்திய மண் அது. அங்கே நம் பிள்ளைகள் பார்வையாளர்களாக மட்டும் இருந்தால் போதுமா?

குவைத் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1982க்குப் பிறகு அந்நாடு உலகக் கிண்ணத்துக்குத் திரும்பவே இல்லை. நிர்வாகத் தகராற்றால் 2015 முதல் 2017 வரை அனைத்துலகப் போட்டிகளிலிருந்தே அது விலக்கி வைக்கப்பட்டது. பணம் இருந்தால் மட்டும் போதாது. ஒழுங்கான வழி அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

நம் பிள்ளைக்கு அந்த வழி எங்கே அறுபடுகிறது? பல வேளைகளில் ஒரு காகிதத்தில்! வயது வாரியான போட்டிகளில் சேர வயதுக்குச் சான்று கேட்பார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எவ்வளவு நன்றாக ஆடினாலும் வெளியே நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கும் அதே பத்திரம் வேண்டும். ஆகவே, இன்னும் பதிவு செய்யாத பெற்றோர் இருந்தால், தள்ளிப் போடாமல் பதிவு இலாகாவுக்குச் செல்லுங்கள்.

இரண்டாவது, பள்ளிப் படிப்பை விட வேண்டாம். மாவட்டம், மாநிலம் என்று தேர்வு நடப்பது பெரும்பாலும் பள்ளி அணிகள் வழியாகத்தான். மேலும், காலில் அடிபட்டால் ஆட்டம் நின்றுவிடும். படித்த படிப்பு நிற்காது.

மூன்றாவது, தோட்டத்துத் திடல். அதில் புல் மண்டவும் குப்பை சேரவும் விடாதீர்கள். மாதம் ஒரு ஞாயிறு நாம் எல்லோரும் கூடினால் அது பயிற்சித் திடலாகிவிடும். பெண் பிள்ளைகள் ஆட விரும்பினால் அவர்களையும் தடுக்காதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஆறுமுகம் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் நேரந்தவறாமை, கூடி உழைத்தல், தோல்வியில் கலங்காமை ஆகிய மூன்றையும் திடல் கற்றுத் தரும். இவை சோறு போடும் குணங்கள்தாமே!