காற்றை உண்ணும் மின்கலம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எங்களைப் போன்றோர்க்கு விஞ்ஞானம் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். எங்கள் இல்லத்தில் நேர்ந்த ஒரு சிறு பிழையே இப்பொருளை எங்களுக்குக் கற்பித்தது.

எங்கள் அன்னையாருக்குச் செவிப்புலன் குன்றியதால் காதுக்கருவி வாங்கினோம். ஊரிலுள்ள தங்கையின் குரலைத் தொலைபேசியில் கேட்க அவருக்கு அஃதொன்றே துணை. அதற்குரிய பொத்தான் போன்ற மின்கலங்கள் ஆறினை வாங்கி, அன்னையாருக்குச் சிரமம் வேண்டாமென்று, அவற்றின்மேல் ஒட்டியிருந்த சிறு தாள்களை ஒரே நாளில் உரித்து வைத்தோம். சில வாரங்களில், பயன்படுத்தாத கலங்களும் வலுவிழந்தன!

காரணத்தைப் பின்னரே அறிந்தோம். இவை துத்தநாக–காற்று மின்கலங்கள். தாளின் அடியில் நுண்துளைகள் உள்ளன. அதனை உரித்ததும் காற்று உட்புகுகிறது. காற்றிலுள்ள பிராணவாயுவும் உள்ளிருக்கும் துத்தநாகமும் காரக் கரைசலின் துணையால் வினைபுரிய, ஏறத்தாழ 1.4 வோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. உணவில் ஒரு பாதியை வெளிக்காற்றிலிருந்தே பெறுவதால், சிறு கலத்திலும் மிகுந்த ஆற்றல் அடங்குகிறது. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெய்ஸ், ஷூமாக்கர் என்னும் இருவர் செய்தளித்த இவ்வகைக் கலங்கள் ரயில்வே ஸிக்னல்களுக்கும் பயன்பட்டன என்பது நம்மவர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தீர்ந்ததும் எறியாமல், மீண்டும் மின்னூட்டிப் பயன்படுத்த இயலாதா? அங்கேதான் இடர்ப்பாடு. காற்றுப் பக்க மின்முனையில் பிராணவாயு வினைபுரிவதும், மின்னூட்டும்போது அது மீண்டும் வெளிப்படுவதும் மிக மந்தமானவை. விரைவுபடுத்த வினையூக்கி வேண்டும். முன்னதற்குப் பிளாட்டினமும் பின்னதற்கு இரிடியம், ருத்தேனியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளும் சிறந்தவை. ஆனால் அவை ஏழை வாங்கும் பொருளில் இடத்தக்கனவோ? ஆதலின் இரும்பு, நிக்கல், கோபால்ட், மாங்கனீசு ஆகியவற்றைக் கரியோடு சேர்த்து, இரு வேலையையும் செய்யும் மலிவான வினையூக்கியை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர்.

உடலில் அணியும் கருவிகளுக்காக, கரைசலுக்குப் பதில் கூழ்போன்ற பொருளையும், கரித்துணியையும், மெல்லிய துத்தநாகத் தகட்டையும் கொண்டு, வளையும் மின்கலங்களும் ஆய்வுச்சாலைகளில் உருவாகின்றன. கூழ் உலர்வதும், காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தைக் கெடுப்பதும், துத்தநாகம் முட்செடிபோல் கிளைத்து வளர்வதும் இன்னும் முற்றும் தீராத குறைகள்.

நாம் குடியேறி வாழும் இந்த இராஜஸ்தானத்தில், உதயப்பூருக்குத் தெற்கேயுள்ள ஜாவரில், துத்தநாகத்தை ஆவியாக்கி வடிக்கும் கலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். அதற்குப் பயன்பட்ட மண்குடுவைகள் அங்கே குவிந்து கிடக்கின்றன. நாம் பிறந்த தமிழகத்திலோ, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் வழங்க, 1953-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பெற்றது. உலோகம் இங்கே, அறிவுச்சாலை அங்கே. இரண்டும் நமக்கு உரியன.

பெற்றோர்களே! உங்கள் மகனோ மகளோ இரசாயனம் பயில விழைந்தால், "அதனால் என்ன வேலை கிடைக்கும்?" என்று தடுக்காதீர்கள். வினையூக்கியின் விலை குறைந்தால் மின்கலத்தின் விலை குறையும். அன்று, கலம் வாங்கப் பணமின்றிக் காதுக்கருவியைப் பெட்டியில் பூட்டிவைத்த முதியவரும் தம் பேரக் குழந்தையின் மழலையைக் கேட்பார்.