கிரேக்கக் கவிஞர் எந்த ஊர்ப் பேச்சில் பாடினார்?

கிரேக்க நாட்டின் பியோஷியா நிலப்பகுதியில், ஹெலிக்கோன் மலையடியில் அஸ்க்ரா என்றொரு சிற்றூர். ஏறத்தாழ கி.மு. 700ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஹெசியோட் என்ற கவிஞர் உழுது பயிரிட்டு வாழ்ந்தார். வாழ்நாளில் கப்பலேறிக் கடல் கடந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் குறுகிய நீரிணைக்கு அப்பால் இருக்கும் யூபியாத் தீவுக்கு என்று ‘வேலைகளும் நாட்களும்’ நூலில் அவரே சொல்கிறார். அவ்வளவு தூரம் மண்ணோடு ஒட்டிய மனிதர், பாட்டை மட்டும் தம் ஊர்ப் பேச்சில் பாடவில்லை. கடலுக்கு அப்பால் சின்ன ஆசியாக் கரையில் வழங்கிய அயோனிய வழக்கை அடிப்படையாகக் கொண்ட ஹோமரின் மொழியில் பாடினார்.

அன்றைய கிரேக்கருக்குப் பொதுவான எழுத்துமொழி கிடையாது. ஏதென்ஸில் அட்டிக் வழக்கு, லெஸ்போஸ் தீவில் ஏயோலியம், ஸ்பார்ட்டாவிலும் சிசிலியின் சிரக்கூஸிலும் டோரியம். தாயை ஏதென்ஸ்காரர் ‘மேத்தேர்’ என்பார். ஸ்பார்ட்டாக்காரர் ‘மாத்தேர்’ என்பார். அயோனியரின் ‘தலஸ்ஸா’, அதாவது கடல், ஏதென்ஸில் ‘தலத்தா’. இவை ஊர்வழக்குகள். ஆனால் இலக்கியம் என்று வந்ததும், பாடுகிறவர் எந்த ஊர் என்பது பின்னுக்குப் போய்விடும். என்ன பாடுகிறார் என்பதே வழக்கைத் தீர்மானித்தது. காப்பியம் என்றால் ஹோமரின் மொழி. குழுவாக ஆடிப் பாடுவது என்றால் டோரியச் சாயல். அதனால்தான் அதே பியோஷியாவின் தீப்ஸ் நகரத்தவராயினும், குழுப் பாடல்கள் இயற்றிய பிண்டார் ஹெசியோடைப் போல ஒலிப்பதில்லை. தம் லெஸ்போஸ் தீவின் பேச்சிலேயே பாடிய சாப்போ போன்றவர்கள் குறைவு.

ஹோமரின் மொழியோ, எவர் வீட்டிலும் பேசப்படாத மொழி. அயோனியத்தோடு ஏயோலிய வடிவங்களும், பேச்சில் எப்போதோ மறைந்துபோன பழைய வடிவங்களும் அதில் கலந்திருக்கின்றன. ‘இருக்க’ என்று சொல்ல அதில் ஐந்து வடிவங்கள்: எய்னாய், எமென், எம்மென், எமெனாய், எம்மெனாய். பொருள் ஒன்று, அசைக்கணக்கு வேறு. குறிலும் நெடிலும் அளந்து அமைந்த ஆறு சீர் அடியில், நின்ற இடத்தில் பாடவேண்டிய பாணருக்கு, இடத்துக்கு ஏற்ற வடிவம் நாவில் தயாராக இருந்தாக வேண்டும். அமெரிக்க அறிஞர் மில்மன் பாரி இதைத்தான் காட்டினார். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியில் பாடியவர்களின் யாப்பே இந்தக் கலவை மொழியை உருவாக்கிக் காத்தது என்றார். 1930களில் யூகோஸ்லாவியா சென்று, எழுத்தறியாப் பாடகர்கள் பாடக் கேட்டுப் பதிவும் செய்தார்.

ஏதென்ஸின் துன்பியல் நாடகங்களுக்கு வாருங்கள். சோஃபக்ளீஸின் பாத்திரங்கள் உரையாடும்போது அட்டிக். குழுவினர் பாடத் தொடங்கியதும் ‘ஏ’ ஒலித்த பல இடங்களில் டோரியத்தின் ‘ஆ’ விரியும். நாடகம் பேச்சிலிருந்து பாட்டுக்கு ஏறுவதை, பார்வையாளர் அந்த உயிரெழுத்திலேயே உணர்ந்திருப்பார்கள். மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்கு இது அறவே கிடைப்பதில்லை. கிரேக்கம் கற்கும் உழைப்புக்கு இந்த ஒன்றே போதிய கூலி என்பேன்.

உரைநடையிலும் இதே கதைதான். டோரியர் நிறுவிய ஹாலிகார்னாசஸில் பிறந்த ஹெரோடோட்டஸ் வரலாற்றை அயோனியத்தில் எழுதினார். டோரியத் தீவான கோஸின் ஹிப்போகிராட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களும் அயோனியமே. உலகை ஆராய்ந்து எழுதும் உரைநடை மைலீட்டஸ் முதலிய அயோனிய நகரங்களில் தொடங்கியது. அந்த எழுத்தோடு வழக்கும் சேர்ந்தே பயணம் செய்தது. எவ்வளவு காலம் என்கிறீர்கள்? ஹெரோடோட்டஸுக்கு 500 ஆண்டுகளுக்கும் பின்னால், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், அரியன் என்ற வரலாற்றாசிரியர் அலெக்சாந்தரின் படையெடுப்பை அட்டிக்கில் எழுதினார். இந்தியாவைப் பற்றிய ‘இண்டிகா’வை மட்டும் அயோனியத்தில் எழுதினார். அந்த நூலில்தான் ஹெராக்ளீஸின் மகள் பாண்டையா வருகிறாள். அவள் ஆண்ட நாட்டை ஆய்வாளர் பலர் பாண்டிய நாட்டோடு இணைத்துப் பார்க்கிறார்கள்.

இன்று கிரேக்கம் பயில்வோர் பெரும்பாலும் அட்டிக்கில் தொடங்குகிறார்கள். பிறகு ஹோமரைத் திறந்ததும் திகைக்கிறார்கள். மற்ற வழக்குகளை அட்டிக்கின் பிழைகளாக எண்ணி மாற்றங்களைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதால் வரும் திகைப்பு அது. வாய்விட்டுப் படித்தால் காது விரைவில் பழகிவிடும்.

நிறைவாக, கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் ஒரு காட்சி. அலெக்சாந்திரியா நகரில் திருவிழா. சிரக்கூஸிலிருந்து வந்து குடியேறிய இரு பெண்கள், கோர்கோவும் பிராக்ஸினோவாவும், கூட்டத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வாயை அகலத் திறந்து இழுத்துப் பேசுவதைப் பொறுக்காமல் அயலார் ஒருவர் கடிந்துகொள்கிறார். பிராக்ஸினோவா விடவில்லை. நாங்கள் கொரிந்த் வழிவந்தவர்கள், டோரியர் டோரியம் பேசக் கூடாதா என்று திருப்பிக் கேட்கிறாள். இதில் கவனிக்கவேண்டியது, அவளைக் கடிந்துகொள்ளும் அந்த ஆளும் டோரியத்தில்தான் பேசுகிறார். தியோக்ரிட்டஸ் அந்தப் பாட்டுக்கு எடுத்துக்கொண்ட வழக்கு டோரியம். அதற்குள் வந்து பேசும் அயலாருக்கும் அதுவே பேச்சாகிவிட்டது.