நாள்தோறும் எழுதும் கணக்கு

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் சங்கத்திற் கத்தோலிக்கக் குடும்பத்தினரும் உளர். சைவக் குடும்பத்தினரும் உளர். இரு திறத்தார்க்கும் பொதுவாயுள்ளது வாணிகம். ஆதலின், கத்தோலிக்க அர்ச்சியசிஷ்டர்களின் சரித்திரத்தால் நாம் நாடோறும் பெறத்தக்க பயனைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசியார் பணித்தபோது, கணக்கெழுதத் தெரிந்த ஓர் அடியாரையே தெரிந்துகொண்டேன். அவர் சேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். அவருடைய தோழராகிய சவேரியார் 1542-ஆம் ஆண்டில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர். ஆகவே இஞ்ஞாசியாரும் நமக்கு முற்றும் அயலாரல்லர்.

ஸ்பெயின் தேசத்து லொயோலாவிற் பிறந்த இவர், இளமையிற் புகழையும் ஆடம்பரத்தையும் விரும்பிய போர்வீரர். 1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், பம்ப்லோனாக் கோட்டைப் போரில், ஒரு பீரங்கிக் குண்டு இவரது காலை முறித்தது. முறிந்த எலும்பு கூடியபின் ஒரு பக்கம் துருத்தி நின்றது. அழகிய பாதரட்சை அணிய இயலாதே என்று கவன்று, அதனை அறுத்தெடுக்கச் செய்து கொண்டார். இதனைப் படிக்குந்தோறும் எனக்கு நகைப்பும் வருகிறது, இரக்கமும் வருகிறது.

படுக்கையிற் கிடந்தவர் வீரர்களின் காதற் கதைகளைக் கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை கிறிஸ்துநாதர் சரித்திரமும் அடியார்கள் சரித்திரமுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். படித்துப் படித்து ஒன்றைக் கண்டுகொண்டார். ஒரு சீமாட்டியை நினைந்து புனைந்த மனோராஜ்யங்கள் அப்பொழுது இனித்தன. பின்னர் நெஞ்சை வறளச் செய்தன. அசீசி நகரத்துப் பிரான்சிஸ்குவைப்போலவும், தோமினிக் என்னும் சாமிநாதரைப்போலவும் தாமும் வாழ்ந்தால் என்னவென்ற எண்ணமோ, நீங்கிய பின்னரும் மகிழ்ச்சியை நிறுத்திச் சென்றது. எண்ணம் இருக்கும்போது தரும் சுவையைவிட, அது போனபின் மிஞ்சுவதை அவர் நோக்கினார். சரக்கு விற்ற பின்னரன்றோ நமக்கும் ஆதாயம் தெரிகின்றது!

இவ்வனுபவங்களிலிருந்து எழுந்த அவருடைய ஆன்மப் பயிற்சி நூலை, மூன்றாம் பவுல் என்னும் பாப்பானவர் 1548-இல் அங்கீகரித்தார். அதிற் கூறிய ஆத்தும சோதனை மிக எளியது. காலையில் எழுந்தவுடன், திருத்த வேண்டிய குற்றம் ஒன்றே ஒன்றை நினைத்துக்கொள்ளுதல் வேண்டும். பகலுணவுக்குப் பின் ஒரு முறையும், இரவுணவுக்குப் பின் ஒரு முறையும், கழிந்த பொழுதை மணி மணியாக ஆராய்தல் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். தவறிய தடவைக்கொரு புள்ளி. பலர் நடுவே தவறினால், பிறர் அறியாவண்ணம் மார்பிற் கை வைத்து வருந்தினாற் போதும். முழு நாளையும் ஆராயும் சோதனை வேறொன்றுண்டு. அது பெற்ற நன்மைகளுக்கு இறைவனுக்கு நன்றி கூறுவதிலே தொடங்குகின்றது. குற்றம் அதன் பின்னரே. வரவை முன்னும் செலவைப் பின்னும் எழுதும் நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்!

ஆயினும் இக்கணக்கில் ஓர் அபாயமுண்டு. அதனையும் அவரே பட்டறிந்தார். 1522-இல் மன்ரேசா என்னும் ஊரிலிருந்தபோது, பழைய பாவங்களைச் சரிவரச் சொல்லவில்லையோ என்னும் ஐயம் அவரைப் பிடித்தது. சொன்னதையே மீண்டும் மீண்டும் பாவசங்கீர்த்தனத்திற் சொன்னார். அமைதி வரவில்லை. அறையிலிருந்த ஒரு குழியில் வீழ்ந்து மாயலாமா என்ற நினைவும் எழுந்தது. ஒரு வாரம் உண்ணாதிருந்தார்; குருவானவர் கட்டளையிடவே உண்டார். முடிவிற் பழையவற்றை இனிச் சொல்வதில்லை என்று உறுதி செய்தார். கணக்கை ஒழுங்காக எழுதியது பெரிதன்று. தீர்ந்த கணக்கை மூடியதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

என் செய்தியைச் சொல்ல நாணுகின்றேன். எனினும் சொல்லாதிருத்தல் தகாது. என் குற்றம் கடுஞ்சொல். சென்ற ஆண்டு, கடைக் கணக்கேட்டின் கடைசித் தாளில், மேற்கூறியபடி கோடிட்டேன். முதல் நாள் நண்பகலுக்குள் பதினொரு புள்ளிகள்! கடைச் சிப்பந்திகளுக்கு ஆறு, மனைவிக்கு நான்கு, தெருவிற் போன ஒருவருக்கு ஒன்று. சில வாரங்களிற் குறைந்தன. பின்னர்த் திரும்பவும் ஏறின. ஏன் என்று பார்த்தேன். பாகப் பிரிவினையிற் பிணங்கிப்போன என் தம்பியின் பெயரை வீட்டில் எவரேனும் எடுத்த நாட்களிலெல்லாம் புள்ளிகள் நிறைந்திருந்தன. ஒன்பதாண்டுகளாக ஒரு சுவரின் பொருட்டு நாங்கள் பேசியதில்லை. அவன் மகளுடைய மணத்திற்கும் யான் சென்றதில்லை. நாடோறும் புதுத்தாள் புரட்டிய யான், அப்பழைய பாக்கியை மட்டும் ஒவ்வொரு தாளிலும் மேலே கொண்டுவந்து எழுதியிருக்கின்றேன்.

சென்ற தை மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க அண்ணே" என்றான், முகம் மலரவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். சுவரைப்பற்றி அவனும் பேசவில்லை, யானும் பேசவில்லை. கால்மணி நேரம் இருந்து எழுந்து வந்தேன். வரும் வழியில், பாதை தப்பிப்போன வாடகைக் கார்க்காரரை வைதுவிட்டேன். அன்றிரவு கோட்டில் ஒரு புள்ளியிட்டு, தாளைப் புரட்டினேன்.